தோன் ஒரெஸ்தேயின் கன்னம்

மாட்டிறைச்சி விலை ஏறி அப்புறம் இறங்கவே இறங்காத அந்த வருஷம், கோர்தோபா நகரத்து ரயில் பட்டறைப் பேட்டையில், தோன் ஒரெஸ்தே தமாஞோனேயின் கன்னம் கசக்கத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவள் மூலைக் கடைக்காரி சுலேமா. எங்கள் ஊரில் ஆணானாலும் பெண்ணானாலும் பாதிரியாரானாலும் கண்டவுடன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவோம். வைக்காமல் போனால் சண்டை என்று அர்த்தம். ரொட்டி வாங்க வந்தவருக்கு அவள் வழக்கம்போல் முத்தம் வைத்தாள், உதட்டை நக்கிப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“என்னத்தைப் பூசிக்கிட்டு வந்தீங்க, தோன் ஒரெஸ்தே? வாயெல்லாம் ஃபெர்னெட்டு!”

“குளிச்ச ஆளோட கன்னம் எப்படி இருக்கும்னு உனக்கு எங்கே தெரியப்போவுது” என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டியோடு நடையைக் கட்டினார்.

ஃபெர்னெட் என்பது இத்தாலிக்காரர்கள் கப்பலேறி வந்தபோது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த கருப்பு மது. வேர், பட்டை, பூ என்று கண்டதும் ஊறிய கசப்பு. அவர்கள் ஊரில் வயிறு சரியில்லாதவனுக்கு ஒரு மடக்குக் கொடுப்பார்களாம். எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் அதற்கு வயிறு சரியாக இருப்பவர்கள் கிடைத்தார்கள். நாங்கள் ஐஸ் போட்டு, மேலே கோலாவை ஊற்றி, நுரை வழியாமல் பார்த்துக் குடிப்போம். அதற்குக் கண்ணாடி டம்ளர் எல்லாம் கிடையாது. கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே பாதியாக அறுத்து, கூர் விளிம்பை லைட்டரில் காட்டி மழுக்கி, ஆளுக்கு ஒரு மடக்காகக் கைமாற்றுவோம். அந்த அறுத்த பாட்டில் சுற்றாத கல்யாணம் எங்கள் ஊரில் கல்யாணமே இல்லை. துக்க வீட்டிலும் சுற்றும், கொஞ்சம் மெதுவாக.

தோன் ஒரெஸ்தேக்கு இது ஆகாது. பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த மரியாதைக்குத்தான் பெயருக்கு முன்னால் ‘தோன்’. அவருடைய தாத்தா இத்தாலியின் பியமோந்தே மலையிலிருந்து வந்தவர். அந்த ஒரு சங்கதியை வைத்துக்கொண்டு இவர் ஆயுசு முழுக்கத் தலையை நிமிர்த்தி நடந்தார். இத்தாலியை அவர் பார்த்தது காலண்டரில் மட்டும்தான். சாப்பாடு முடிந்ததும் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஃபெர்னெட்டைக் கலப்பில்லாமல் ஊற்றிக்கொண்டு, காலண்டர் தொங்கும் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்று குடிப்பார். பூர்வீக மண்ணுக்கு மரியாதையாம். அந்தச் சுவருக்கு அந்தப்புறம் இருந்தது சிலி நாடு. இத்தாலி அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் இத்தாலியைத்தான் இடம் மாறச் சொல்லியிருப்பார். வாசலில் பையன்கள் அறுத்த பாட்டிலோடு உட்கார்ந்திருந்தால், “சாக்கடைத் தண்ணியைக் குடிக்கிற பன்னிங்க கூட தொட்டியிலதான்டா குடிக்கும்” என்று திட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். வருஷக்கணக்கில் இப்படிக் கசப்பை உள்ளே இறக்கிக்கொண்டே இருந்தவருக்கு அது தோலுக்கு வந்துவிட்டதில் பேட்டையில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. சாயம் போகிற சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

கசப்பு நாளுக்கு நாள் கூடியது. அவரைக் கடித்த கொசுக்கள் ஜன்னல் கட்டையில் மல்லாந்து விழுந்தன. நாய் அவர் கையை ஒருமுறை நக்கிவிட்டு, பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். எல்லாருமே அவருக்கு முத்தம் வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கையைத் தூக்கி ஒரு சலாம், அவ்வளவுதான். மற்றவனாக இருந்தால் அவமானத்தில் ஊரை விட்டுப் போயிருப்பான். இவரோ, கண்டவன் எச்சில் முகத்தில் படாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று சுலேமாவிடமே பீற்றிக்கொண்டார்.

மனைவி எல்வீரா கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தாள். அவர் தொட்ட தலையணை கசந்தது, கரண்டி கசந்தது, சூப் கசந்தது. ஒருநாள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

“இத்தனை வருஷமா உங்க வாய்தான் கசந்துச்சு, பொறுத்துக்கிட்டேன். இப்போ தோலுமா?”

அவர் சுவரைப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் ரியோ குவார்த்தோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ரொம்ப நாளைக்கு எல்லாவற்றிலும் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தின்று, குண்டாகி, சந்தோஷமாக இருந்ததாகக் கேள்வி.

மகள் நிதியா பள்ளிக்கூடத்தையும் தோழிகளையும் விட்டுப்போக மனமில்லாமல் அப்பாவோடு தங்கினாள். காலையில் கிளம்பும்போது அவர் காதோரம் காற்றில் ஒரு முத்தம் வைப்பாள். சத்தம் மட்டும் வரும், உதடு படாது. அது அவருக்குத் தெரியும். சத்தம் அடங்கிய பிறகும் கன்னத்தைக் காட்டியபடி ஒரு விநாடி கூடுதலாக நிற்பார். ஊரையே கால் தூசாக நினைத்த அந்த மனிதருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு முத்தம்தான். அதைக் கேட்டு வாங்குகிற வாய் அவருக்கு வாய்க்கவில்லை. பள்ளிக்கூடப் பெண் தபால் ஆபீசில் வேலைக்குப் போகும் பெண்ணானாள், காற்று முத்தம் காற்று முத்தமாகவே இருந்தது.

இடையில் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வந்தான். அவர்கள் நாட்டில் மூலையில் கிடக்கிற இந்தச் சரக்கைக் கடலுக்கு அப்பால் ஒரு மலையடிவார ஊர் அண்டா அண்டாவாகக் குடிக்கிறதே, எப்படி என்று பார்க்க வந்தவன். செய்தி கேட்டதும் தோன் ஒரெஸ்தே பூச்சி உருண்டை வாசம் அடிக்கும் கருப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நடன மண்டபத்துக்கே போய் அவன் முன்னால் நின்றார். இந்தக் காட்டுமிராண்டிகளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆள் சட்டைப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு, அறுத்த பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தான்.

“கலக்காமலா? அதை யாருய்யா குடிப்பா! எங்க ஊர்ல வயித்து நோவுக்காரன்தான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குவான். இதைப் பாரும், தேவாமிர்தம்!” என்று சொல்லி, நுரை ஒட்டிய வாயோடு அவருக்கே ஒரு மடக்கு நீட்டினான்.

தோன் ஒரெஸ்தே வீட்டுக்கு வந்து காலண்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். அன்றோடு இத்தாலியும் அவருடைய ஏளனப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். குடிப்பதையும் நிறுத்திவிட்டார், தேவைப்படவில்லை. எச்சிலை விழுங்கினாலே போதுமானதாக இருந்தது. வீட்டில் அப்புறம் ஒரு பாட்டில்கூட இல்லை.

நிதியா கட்டிக்கொள்வேன் என்று சொன்ன பையன் ரொலாந்தோ, நடன மண்டபங்களில் அக்கார்டியன் வாசிக்கிறவன். வாசிக்கும்போது கழுத்து உப்பும் என்பதால் ஊரே அவனைத் தவளை என்றுதான் கூப்பிடும், பெற்ற தாய் உட்பட. தோன் ஒரெஸ்தே அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுவா? குளத்துல வேற எதுவும் மாட்டலையா?”

“எனக்கு இது போதும்ப்பா. நீங்க வந்து என் கையைப் பிடிச்சு மாதா கோவிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்.”

“அறுத்த பாட்டில் ஒண்ணு முற்றத்துல கண்ணுல பட்டாலும் நான் வரமாட்டேன்.”

“அப்ப வராதீங்க. உங்க நாற்காலியைப் போட்டு வைப்பேன். காலியாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்றைக்குக் காற்று முத்தமும் இல்லை.

தவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு நாள் குறித்தான். மேஜை நாற்காலிகள் உடனே கிடைத்தன, வாத்தியக்கார நண்பர்கள் யாருக்கும் அன்று வேறு கச்சேரி இல்லை. ஆஹா என்று சந்தோஷப்பட்டானே ஒழிய, ஏன் ஒருவனுக்கும் கச்சேரி இல்லை என்று அந்தத் தலை யோசிக்கவில்லை. அன்று தேர்தல். எங்கள் நாட்டில் வோட்டுப் போடுவது கட்டாயம், அன்றைக்கு ஒரு சொட்டு மது விற்காமல் இருப்பதும் கட்டாயம். முதல் நாளே வாங்கி வைத்தால் சொந்தக்காரர்கள் முதல் நாளே குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பதால், ஃபெர்னெட்டை அன்று காலை வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தான். பாட்டுக்காரனுக்கு அவ்வளவுதான் கணக்கு வரும். காலையில் மாப்பிள்ளைக் கோட்டோடு சுலேமா கடைக்கு ஓடினான்.

“எதிர்ல பள்ளிக்கூடத்துல வோட்டுச் சாவடிடா. ரெண்டு சிப்பாய் என் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க. கோலா வேணும்னா அள்ளிட்டுப் போ” என்றாள் சுலேமா.

வீடு வீடாகக் கேட்டான். எங்கள் பேட்டையில் ஃபெர்னெட்டை மிச்சம் வைக்கிற வீடு கிடையாது. ஆக, தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல் ஒழுங்காக மாதா கோவிலில் கல்யாணம் முடிந்து எல்லாரும் முற்றத்துக்கு வந்தபோது, இறைச்சி வெந்துகொண்டிருந்தது, ஐஸ் இருந்தது, கோலா இருந்தது, விளிம்பு மழுக்கிய அறுத்த பாட்டில்கள் வரிசையாகக் காத்திருந்தன, ஃபெர்னெட் மட்டும் இல்லை. விருந்தாளிகளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சாவு வீட்டில்கூட இப்படி உட்கார்ந்ததில்லை. வெறும் கோலாவை ஊற்றிக்கொண்டு, குழந்தைப் பிறந்தநாளுக்கு வந்த மாதிரி ஆளுக்கு ஒரு மூலையில் முறைத்தார்கள். தவளையின் சித்தப்பா தொப்பியைத் தேடினார். டிரம்ஸ்காரன் தோல் உறையை எடுத்து மாட்டத் தொடங்கினான். நிதியா வெள்ளைக் கவுனில் மேஜை ஓரமாக நின்று, ஒவ்வொருவராகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோன் ஒரெஸ்தே வந்திருந்தார். கோவிலில் மகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. அவள் தனியாகத்தான் நடந்தாள். ஆனால் முற்றத்துக்கு வந்து, வாசல் ஓரமாகப் போட்டிருந்த தன் நாற்காலியில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதே கருப்புக் கோட்டு, மழமழவென்று மழித்த முகம். நடந்ததைக் கேட்டதும் அவருக்குப் பரம திருப்தி. “இப்பதான்டா கௌரவமான கல்யாணம்” என்று தெருவைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாரும் கைவிட்ட பிறகு தவளைக்கு முறை ஞாபகம் வந்தது. மாமனாருக்கு முத்தம் வைக்காமல் மாப்பிள்ளை சாப்பிட உட்காரக்கூடாது. கசப்புக்குப் பயந்து வாய் நிறையக் கோலாவை அடக்கிக்கொண்டு போய், கண்ணை மூடி, கன்னத்தில் உதட்டை வைத்தான். வைத்த உதடு அங்கேயே நின்றது. பிறகு விழுங்கினான். கழுத்து உப்பியது.

“மாமா!” என்று கத்தினான். “யாருய்யா ஃபெர்னெட் இல்லேன்னு சொன்னது? டேய், கோலாவை எடுத்துட்டு வாங்கடா!”

வந்தார்கள். சித்தப்பா தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார், வாய் நிறையக் கோலா. தோன் ஒரெஸ்தே எழுந்து கைத்தடியை ஓங்கினார். “என் கன்னத்துல கோலாவா? கிட்ட வந்தீங்க, மண்டையை உடைச்சுப்புடுவேன், நாய்ங்களா!” தடியை ஓங்கியபடியே திரும்பியவர், கூட்டத்துக்குப் பின்னால் மகளைப் பார்த்தார். அவள் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். ஓங்கிய தடியை இறக்கினார். பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, உட்கார்ந்து, கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

வரிசை மூலைக் கடைவரை நீண்டது. பேட்டை மொத்தமும், வருஷக்கணக்கில் சலாமோடு நிறுத்திக்கொண்டவர்கள் அத்தனை பேரும், வாயில் கோலாவை அடக்கிக்கொண்டு வந்து அவர் கன்னத்தில் முத்தம் வைத்து விழுங்கிவிட்டு, மறுபடி வரிசையின் கடைசிக்கு ஓடினார்கள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை, காது சிவந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? “ஐஸை முதல்ல போடணும்டா, மடப்பயலே.” “வாய்ல இவ்வளவு கோலாவை வச்சிருந்தா கசப்பு எங்கே தெரியும்? பாதியைத் துப்பிட்டு வா.” சுலேமா மூன்றாவது முறை வந்தபோது, “உனக்குப் போதும், வீட்டுக்குப் போய்ச் சேரணும்” என்று விரட்டினார். அக்கார்டியன் உறுமத் தொடங்கியது, டிரம்ஸ் உறை கழன்றது. வோட்டுச் சாவடிச் சிப்பாய்கள் சத்தம் கேட்டு வந்து, சட்டப் புத்தகத்தில் முத்தத்துக்குத் தடை இல்லை என்று தங்களுக்குள் பேசி முடிவுசெய்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

கடைசியாக நிதியா வந்தாள். சுலேமா அறுத்த பாட்டிலை நீட்டினாள். நிதியா அதைக் கையால் ஒதுக்கினாள். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெறும் உதட்டை அப்பாவின் கன்னத்தில் அழுத்தி வைத்தாள். முகம் சுளித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. உதட்டை எடுக்கவில்லை.

“கசக்குதா?” என்று கேட்டார் தோன் ஒரெஸ்தே.

“ரொம்ப. அந்தப் பக்கத்தையும் காட்டுங்க.”

அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்று எங்கள் பேட்டையில் யாருக்கும் நினைவில்லை. ஜெயித்தவர் யாராயிருந்தாலும் இறைச்சி விலை ஏறத்தான் செய்தது. தோன் ஒரெஸ்தேயின் கசப்பு குறையவில்லை, வாயும் குறையவில்லை. தேர்தல் நாட்களில் காலையிலேயே முகம் மழித்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வோட்டுப் போட்டு வருகிறவர்கள் கோலாவோடு வரிசையில் நிற்பார்கள், அவர் ஒவ்வொருவரையும் வாய் நிறையத் திட்டிக் கன்னத்தைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நிதியா வருவாள். அவள் கோலா கொண்டுவருவதில்லை.