கடைசிப் பதினாறு பக்கம்

சனிக்கிழமைக் குழுவை இழுத்து மூடிவிடுவது என்று மஹ்ஜூபா திங்கட்கிழமையே முடிவு செய்துவிட்டாள். மத்தி மீனின் தலையைக் கிள்ளி எறிந்துகொண்டே, பக்கத்தில் நின்று வேலை செய்த ஃபத்னாவிடம் அதைச் சொல்லவும் செய்தாள்.

“இந்த வாரமும் அந்த ஆமைக் கதைய ஒருத்தனும் படிச்சிட்டு வரலைன்னா அத்தோட சரி. சனிக்கிழமை மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு நான்பாட்டுக்கு என் புத்தகத்தப் படிப்பேன்.”

“நீ மூடினா என் பொண்ணு வீட்டுல உக்காந்து என் உயிர எடுப்பாளே. அந்த ஆமை என்னதான்டி பண்ணுது?”

“கடல்ல கெடக்கிற பிளாஸ்டிக்கப் பொறுக்குது.”

“கடைசி வரைக்கும் பொறுக்குதா?”

“பொறுக்கும் போல.”

“நாம இங்க நாள் பூரா குனிஞ்சு பொறுக்குறோம். அதுங்க வீட்டுக்குப் போய் அதையே வேற படிக்கணுமாக்கும்,” என்றாள் ஃபத்னா.

மஹ்ஜூபா சாஃபி துறைமுகத்து மீன் ஆலையில் நின்று நின்றே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது; படிப்பது நிற்கவில்லை. ஆலையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்காக, ரொட்டி அடுப்புக்கு மேலே இருந்த மாடி அறையைக் கேட்டு வாங்கி, புதன்கிழமை சின்னதுகளுக்கும் சனிக்கிழமை பெரியதுகளுக்கும் வாசிப்புக் குழு நடத்தினாள். அடுப்புச் சூட்டில் தரை கதகதவென்று இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சின்னதுகள் கதைக்காக வந்தன. பெரியதுகள் சூட்டுக்கும், அவள் வாங்கி வரும் ஸ்ஃபெஞ்ச் பலகாரத்துக்கும் வந்தன என்பது அவளுக்குத் தெரியும். எண்ணெய் விரலை நக்கிக்கொண்டு ஆறு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். “ஆமை என்ன பண்ணுச்சு?” என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

புத்தகங்கள் தலைநகரத்திலிருந்து தானமாக வந்தவை. எல்லாம் நல்ல புத்தகங்கள். பல் விளக்கும் பையன், அழுகிற மரம், பிளாஸ்டிக் பொறுக்கும் ஆமை.

அவளுடைய சொந்தப் புத்தகம் வேறு. ஒரு கலங்கரை விளக்கத்துக் காவல்காரனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். மனைவியா, உப்பு வியாபாரியா, டாக்டரா, ஒற்றைக்கண் படகோட்டியா? செங்கல் கனத்துக்கு, ஒரு படம்கூட இல்லாத புத்தகம். பல வாரமாகப் படிக்கிறாள். முதலில் ஆலைக்கே எடுத்துப்போனாள். மீன் வேகவைக்கும் ஆவியில் முதுகுப் பசை இளகி, புத்தகம் துண்டு துண்டாகக் கழன்று வந்தது. வீட்டிலோ, அவள் கையில் புத்தகத்தைக் கண்டால் மாமியாருக்கு உடனே கால் வலி வந்துவிடும். ஆகவே துண்டுகளை அடுக்கி, கயிற்றால் கட்டி, மாடி அறை அலமாரியில் வைத்தாள். சாவி ஆணியில் தொங்கியது. படமில்லாத தடிப் புத்தகத்தை எந்தப் பிள்ளை தொடப் போகிறது என்ற தைரியம்.

ஆலைக்குப் போகிற நேரம் அவள் கையில் இல்லை. படகு கரை சேர்ந்ததும் சங்கு ஊதும். முதல் சங்குக்கு எழுந்து ஓட வேண்டும். இரண்டாம் சங்குக்குக் கேட் மூடிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோப்பைத் தேநீரை ஊதிக் குடிக்கிற நேரம்தான். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு குரல். இவர்கள் ஆலைச் சங்கு தொண்டை கட்டிய கழுதை மாதிரி இருக்கும். அது கத்தினால் பெண்கள் பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். வாசிப்புக் குழு நடுவில் கத்தினால், அறையில் இருப்பவர்களில் மூத்த பிள்ளை மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எழுதாத சட்டம்.

செவ்வாய்க்கிழமை காற்று பலமாக அடித்ததால் படகுகள் போகவில்லை. மஹ்ஜூபா சூடான தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, டாக்டர் எல்லோரையும் ஓர் அறைக்குள் கூப்பிடுகிற இடம்வரை வந்துவிட்டாள். மீதியை நாளைக்கென்று ஆசையாக வைத்தாள், தட்டில் கடைசித் துண்டு இறைச்சியை ஒதுக்கி வைப்பது போல.

புதன்கிழமை சின்னதுகளுக்குக் கோழிக் கதை. ஃபத்னாவின் மகள் இப்திசாம், பெரிய குழுவைச் சேர்ந்தவள், தன் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மஹ்ஜூபா கைகளை இறக்கையாக அடித்துக் கொக்கரித்துக்கொண்டிருந்தபோது கழுதை கத்தியது.

“சின்னம்மா, சங்கு.”

“பாத்துக்கடி,” என்று பாதிக் கொக்கரிப்போடு படியிறங்கி ஓடினாள். அவளுடைய கொலைப் புத்தகம் ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

வியாழக்கிழமை வந்து பார்த்தபோது கயிறு கட்டினபடி இருந்தது. டாக்டர் அறைக் கதவைச் சாத்துகிறார். “கொலைகாரர் இங்கேதான் இருக்கிறார்,” என்கிறார். திருப்பினாள். அட்டை.

கடைசித் துண்டைக் காணோம். பதினாறு பக்கம். பாயைத் தூக்கி உதறினாள். அலமாரியின் பின்னால் கையை விட்டாள். கீழே இறங்கிப்போய், அடுப்புப் பற்றவைக்கப் பழைய காகிதம் சேர்த்து வைக்கிற ரொட்டிக்காரரிடம் கேட்டாள்.

“கொலைக் கதையெல்லாம் நான் எரிக்கிறதில்ல,” என்றார் அவர். “அந்த ஆமை இருந்தாக் கொண்டா.”

ஆலை ஆவியில் கழன்று அங்கேயே விழுந்து, மீன் குடலோடு சாக்கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று பார்க்கிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை மேசை நிறைய மீன். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. திடீரென்று ஃபத்னா பெருமூச்சு விட்டாள்.

“அந்த உப்பு வியாபாரி பாவம்டி. அவன்மேல போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு.”

மஹ்ஜூபாவின் கை நின்றது. மேசையைச் சுற்றி நின்ற பெண்களின் வாயும் நின்றது.

“எந்த உப்பு வியாபாரி?”

“எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு.”

“உங்க தெருவுல உப்பு வியாபாரி கெடையாது. செருப்புத் தைக்கிறவருதான் இருக்காரு.”

“புதுசா வந்திருக்காரு.”

எதிர்வரிசையில் ஒருத்தி தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். “அந்த டாக்டர் விஷயம் இருக்கே” என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். நாலு பேர் ஒரே குரலில், “வாய மூடுடி, பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணியிருக்கோம்” என்றார்கள்.

அப்புறம் உண்மை துண்டு துண்டாக வந்தது. பருப்புப் பொறுக்குகிற நேரத்தில் ஃபத்னா வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட, இப்திசாம் வாய்விட்டுப் படித்திருக்கிறாள். இரண்டு வாரமாக. ஆலையில் பாதிப் பேருக்குக் கொலைகாரன் யாரென்று தெரியும். புத்தகத்துக்குச் சொந்தக்காரிக்குத்தான் தெரியாது.

“ஒரு வார்த்தை பேசாதீங்க. ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் இந்தக் கூடைய தலையில கவுத்துருவேன்,” என்றாள் மஹ்ஜூபா. மீன் செதில் ஒட்டின விரலைக் காதுக்குள் வைத்துக்கொண்டாள். வேலை முடிகிறவரை எவளாவது வாயைத் திறந்தால் ஓரடி தள்ளி நின்றாள்.

சனிக்கிழமை அவள் போகும் முன்பே ஆறு ஜோடி செருப்பு வாசலில் வரிசையாக இருந்தது. அப்படி என்றைக்கும் இருந்ததில்லை. உள்ளே ஆறு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஸ்ஃபெஞ்ச் கொண்டு வரவில்லை. வெறும் கையைப் பார்த்ததும் முகங்கள் கொஞ்சம் மாறின.

“எடு பக்கத்த,” என்றாள்.

“எந்தப் பக்கம் சின்னம்மா?” என்றான் ரெதுவான். குழுவிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான்.

“உன் முதுகுல உரிக்கப்போற பக்கம். திருட்டுப் பசங்களா, எத்தன நாளா நடக்குது இது?”

“புத்தகம் கழண்டதுலேர்ந்து,” என்றாள் இப்திசாம். “ஆளுக்கொரு துண்டா வீட்டுக்குக் கொண்டுபோய் மாத்தி மாத்திப் படிச்சோம். ஒட்டியிருந்தா ஒருத்தர்தானே படிக்க முடியும்?”

“நாங்க முடிவச் சொல்லல,” என்றான் ரெதுவான். “முடிவச் சொன்னா ஒரு வாரம் ரூம் கூட்டணும்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க. சட்டத்த மீறல.”

“படிச்சீங்களா, சும்மா புரட்டினீங்களா? காவல்காரன் பொண்டாட்டி விளக்குக்கு ஊத்துற எண்ணெய் விஷயத்துல ஏன் பொய் சொன்னா?”

அவ்வளவுதான். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். அவள் பயந்துபோய்ப் பொய் சொன்னாள் என்றாள் ஒருத்தி. பயமா, அவளுக்கா, புருஷன் செத்த அன்றைக்கே ரொட்டி சுட்டவள் என்றான் இன்னொருவன். ரொட்டி சுடாமல் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று இப்திசாம் சண்டைக்குப் போனாள். மஹ்ஜூபா திட்ட வந்ததை மறந்து, “அதெல்லாம் கெடையாது, படகோட்டிதான் கொன்னான், அவன் கயிறு ஈரமா இருந்துச்சு” என்று தரையைத் தட்டினாள். ஆறு பேரும் சட்டென்று அடங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அப்படிப் பாக்காதீங்கடா. பக்கத்தக் குடுங்க.”

“மூணு நிபந்தனை,” என்றான் ரெதுவான். “ஆமை பெட்டிக்குள்ள போகணும். அடுத்த புத்தகம் நாங்கதான் சொல்லுவோம். ஸ்ஃபெஞ்ச நிறுத்தக் கூடாது.”

“ஆமை உன்ன என்னடா பண்ணுச்சு? நல்ல புத்தகம். படிச்சிருந்தாத் தெரியும்.”

இப்திசாம் எழுந்துபோய் அலமாரியில், கண்ணுக்கு நேராக, வாரம் முழுக்க அதே இடத்தில் இருந்த ஆமைப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். நடுவில் மடிப்புக் கலையாமல் பதினாறு பக்கமும் இருந்தது.

“இதுல வச்சா நீங்க பாக்க மாட்டீங்கன்னு தெரியும் சின்னம்மா.”

மஹ்ஜூபா ஆமையைப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் அது முதல் பையைப் பொறுக்கினபோது அவள் மூடி வைத்ததுதான். காது மடல் சூடாயிற்று. அடுப்புச் சூடு என்று வைத்துக்கொண்டாள்.

“திருட்டு திருட்டுதான். ஆறு பேரும் ரூம் கூட்டணும்,” என்றாள். பிறகு, “நானும் கூட்டுறேன். ஆமையப் பெட்டியில போடு,” என்றாள்.

முதல் பக்கத்தை விரித்து மூக்கருகே கொண்டுபோனாள். டாக்டர் பேச வாயைத் திறந்தார். கழுதை கத்தியது.

அவள் சொன்ன வார்த்தையைச் சின்னதுகளின் குழுவில் சொல்லியிருக்க முடியாது. எழுந்து ஒரு செருப்பை மாட்டினாள். இப்திசாம் அவள் கையிலிருந்து பக்கங்களைப் பிடுங்கினாள்.

“நீங்க ஓடுங்க. நான் படிச்சிட்டே வரேன்.”

அப்படித்தான் போனார்கள். முன்னால் மஹ்ஜூபா அரை ஓட்டமாக. பக்கத்தில் இப்திசாம் மூச்சு வாங்கப் படித்துக்கொண்டு. கல் தடுக்காமல் அவள் முழங்கையைப் பிடித்தபடி ரெதுவான். பின்னால் மற்ற நாலு பேர். சந்து முனையில் ஃபத்னா சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். “மெதுவாப் படிடி, இந்த எடம் நல்லாருக்கும்,” என்றாள். முடிவு தெரிந்த பெண்களும் தெரியாத பெண்களும் கூட்டமாக நெருக்கியடித்து நடந்தார்கள். ஒருத்தி முன்னால் போய்விட்டு, கேட்கவில்லை என்று நின்று சேர்ந்துகொண்டாள். டாக்டர் கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்ச் சங்கதியைச் சொன்னார். திரும்பினார். கையை நீட்டினார்.

ஆலை வாசலில் இரண்டாம் சங்கு கத்தியது. பெயர் அதில் முழுகிப்போயிற்று.

“என்ன? யாரு?”

இப்திசாம் எம்பி, அவள் காதில் மறுபடி சொன்னாள்.

மஹ்ஜூபா நின்ற இடத்திலேயே நின்றாள். “அட நாசமாப் போக,” என்றாள் மெதுவாக. “ரொட்டி சுட்ட அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்ல, அதுவும் இல்ல. அந்த ஈரக் கயிறப் பாத்தப்பவே.”

கேட்டைப் பாதி இழுத்தபடி காவலாளி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். சங்கு ஓய்ந்தும் அவர் கை அசையவில்லை. அந்த இடைவெளியில் தாமதமாக வந்த மூன்று பெண்கள் குனிந்து உள்ளே நழுவினார்கள்.

“யாரும்மா கொன்னது?” என்றார்.

“சொன்னா ரூம் கூட்டணும்,” என்றார்கள் பிள்ளைகள்.

“சனிக்கிழமை வாங்க,” என்றாள் மஹ்ஜூபா. “செருப்ப வெளிய விட்டுட்டு வரணும்.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?”

“அப்ப தெரியாமலே இருங்க.”

அவர் முனகிக்கொண்டே கேட்டைச் சாத்தினார். உள்ளே மேசையில் மீன் கொட்டினார்கள். மஹ்ஜூபா முன்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஃபத்னா இடுப்பில் இடித்தாள்.

“சனிக்கிழமைய மூடப்போறேன்னியே.”

“கத்திய எடுடி. மீன் குமியுது.”