வெளிநடப்பு

சட்டசபையின் முன்னாள் உறுப்பினர்களுடைய நினைவுகளைப் பதிவுசெய்கிறோம், வாருங்கள் என்று கடிதம் வந்தபோது, கிழித்துப் போடத்தான் நினைத்தார் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டு அரசியலுக்கு வந்து, இரண்டு முறை ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்து, மூன்றாம் முறை சீட்டு மறுக்கப்பட்டவர். ஊருக்கு அவர் இன்றும் டீச்சர்தான். வீட்டில் பேச ஆளில்லாததால் கடைசியில் போனார்.

சட்டசபை நூலகத்தின் பின்னறையில் மேசைமேல் இரண்டு மைக். எதிர் நாற்காலியில் வக்கீல். அந்தக் காலத்தில் எதிர்க்கட்சியின் பீரங்கி. அவர் பேச எழுந்தால் கேன்டீனில் இருப்பவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். இப்போது காதில் மெஷின், வாயில் பாதிப் பல்.

"சுவாரசியமா ஏதாவது சொல்லுங்க சார்" என்றார் பதிவு அதிகாரி, தலை நரைக்கத் தொடங்கிய பெண்மணி.

"ஆஸ்பத்திரி மசோதா ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்றார் வக்கீல்.

எப்படி மறக்கும்? சின்ன ஊர்களின் பிரசவ ஆஸ்பத்திரிகளை மூடி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கும் மசோதா. ஆளுங்கட்சிக்கு ஏழு பேர்தான் அதிகம். நாலு பேர் மாறி ஓட்டுப் போட்டால் மசோதா தோற்கும். டீச்சரும் இன்னும் மூன்று பேரும் ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். கட்சி உத்தரவை மீறினால் பதவி போகும். போகட்டும் என்றே இருந்தார். மூடப்போகும் ஆஸ்பத்திரி ஒன்றில் அவருடைய அக்கா நர்ஸ். "நான் இருக்கேன்லக்கா" என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அன்றைக்கு வக்கீல் முக்கால் மணி நேரம் முழங்கினார். கடைசியில் மசோதாவைக் கிழித்தெறிந்து, "இந்தப் பாவத்துல எங்களுக்குப் பங்கில்ல!" என்று கத்திக்கொண்டே வெளியேறினார். அவருடைய கட்சி மொத்தமும் பின்னால் போனது. எதிர் வரிசை வெறிச்சோடிவிட்டது. இனி நாலு ஓட்டால் ஒன்றும் ஆகாது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது மற்ற மூன்று பேரும் தூக்கினார்கள். டீச்சரும் தூக்கினார்.

இரண்டு வருடம் கழித்து அக்காவின் மகள், தலைப்பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டியிலேயே ரத்தம் போய் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. அதன்பின் அக்கா டீச்சரோடு பேசவில்லை. பன்னிரண்டு வருடம்.

"உங்க அந்தப் பேச்சை நான் ரேடியோவுல கேட்டிருக்கேன் சார்" என்றார் அதிகாரி.

வக்கீல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பேச்சு என்னோடதும்மா. வெளிநடப்பு மந்திரியோடது. முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. 'எங்க ஆளுங்க நாலு பேர் முறுக்கிக்கிட்டு நிக்கறாங்க. நீங்க உள்ள இருந்தா கவுந்துடும். ஆசை தீரத் திட்டிட்டு வெளிய போயிடுங்க, உங்க தொகுதிக்குப் பாலம் வந்துடும்.' வந்துச்சே! இன்னைக்கும் கல்வெட்டுல என் பேருதான்."

"அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தி" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். முடிஞ்சு போன கதை. நமக்கும் வயசாயிடுச்சு."

"எங்கக்கா பொண்ணுக்கு ஆகல. இருபத்தாறுலயே நின்னுட்டா."

வக்கீல் காது மெஷினைத் திருகிக்கொண்டார். அதிகாரி அவசரமாகப் பதிவை நிறுத்தினார். "இந்த இடத்தை எடுத்துடறேன் மேடம். நல்ல நினைவா ஏதாவது சொல்லுங்களேன்."

"என்கிட்ட இருந்தது இதுதாம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்தார்.

வீட்டுக்குப் போகாமல் அக்காவின் ஊருக்குப் பஸ் ஏறினார். மனதில் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அது அவருக்கே கூச்சமாகவும் இருந்தது. இத்தனை வருடம் தன்மேல் மட்டுமே கிடந்த பழிக்கு இன்னொரு தோள் கிடைத்துவிட்டதே.

அக்கா கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. டீச்சர் வாசலில் நின்றபடியே மந்திரி, பாலம், வெளிநடப்பு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"எல்லாம் முன்கூட்டியே பேசி வெச்சதுக்கா. எங்களை ஏமாத்திட்டாங்க."

"அவரு வெளிய போனாரு. நீ உள்ளதானடி இருந்தே?"

டீச்சர் வாசலிலிருந்து ஒரு படி கீழே இறங்கினார்.

"வெயில்ல வந்திருக்கே. தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார் அக்கா.

கொண்டுவந்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, செம்பைப் படியில் வைத்தார் டீச்சர். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.