தும்மினாலும் பிசகாத பாட்டு

என் மகள் பள்ளிக்கூடத்தில் பியானோ கற்றுக்கொள்கிறாள். நான் கடல் தாண்டி ஒரு சலவைக் கூடத்தில் விடுதிப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறேன். லீவு நாளில் போன் பண்ணினால் "சாப்டீங்களா?" என்பாள். "சாப்டேன்" என்பேன். உடனே போன் அவள் அம்மா கைக்குப் போய்விடும். மகளிடம் பேச என்னிடம் ஒரு விஷயமும் இல்லை. அதற்காகத்தான் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினேன். அவள் முதல் பாடத்தில் படித்த பிள்ளைப் பாட்டு அதற்குள்ளேயே பதிந்திருந்தது. அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு நானும் வாசிக்கப் பழகினேன்.

ஸ்டாண்டு கிடையாது. இஸ்திரிப் பலகை மேல் வைத்தேன், அழுத்தினால் ஆடும். பகலெல்லாம் சூட்டில் வெந்த விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. என் அறையில் தங்கியிருக்கும் டிரைவர் அண்ணனுக்கு ராத்திரி வண்டி. மாலையில் போர்வைக்குள் இருந்தே சொல்வார்: "தம்பி, அந்தப் பாட்டு உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? விட்டுரேன்."

ஒருநாள் வேலை முடிந்து வந்தால், கீபோர்டு மேல் போட்டிருந்த துண்டு வேறு மாதிரி மடிந்திருந்தது. நான் ஓரத்தை உள்ளே தள்ளி மடிப்பவன். மடிப்பதுதான் என் பிழைப்பு. இது என் கை இல்லை.

"அண்ணே, இதை யாராச்சும் தொட்டாங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார், கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டே. செருப்பு அவர் காலிலேயே இருந்தது.

எதையாவது உடைத்துவிட்டாரோ என்று உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். பாட்டு வந்தது. முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல். மறுபடி வாசித்தேன், மறுபடியும் வந்தது. மறுநாள் கூடத்தில் நான் நடந்த நடையைப் பார்த்து மேஸ்திரி, "என்னய்யா, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டார்.

லீவு நாளில் போனிலேயே மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, நிஜமா நீங்களா?"

"பின்ன யாரு?"

"முதல் வரியே வரலைன்னு போன வாரம் அம்மாகிட்ட சொன்னீங்கல்ல? ரெக்கார்டு போட்டு ஏமாத்துறீங்களா?"

"சத்தியமா நான்தான்மா."

"அடுத்த தடவை வீடியோல வாங்க. கையைப் பாக்கணும். பொய்யின்னா இனிமே பேசவே மாட்டேன்."

அவள் சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது. ஒரு மாலை வாசிக்கும்போது தும்மல் வந்து கை எங்கேயோ விழுந்தது. பாட்டு பிசகவில்லை. பழகின கை, தானாகப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிற மனிதனின் கால் கட்டைவிரல் தாளம் போடுமா?

லீவு நாள் வந்தது. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, கை தெரிகிறதா என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க" என்றாள். "கருப்புக் கட்டையை அமுக்குறீங்க. இந்தப் பாட்டுல கருப்பே கிடையாது. சத்தம் மட்டும் எப்படிச் சரியா வருது? இன்னொரு போனை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். விரல் கருப்புக் கட்டை மேல்தான் இருந்தது. வேண்டுமென்றே கடைசிக் கட்டையைக் குத்தினேன். பாட்டின் அடுத்த சத்தம் வந்தது. முழங்கையை வைத்தேன். அதற்கடுத்தது வந்தது.

"பாத்தீங்களா? பொய்!" அவள் முகம் திரையிலிருந்து போய்விட்டது. போனைக் கீழே போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"அண்ணே!" என்று கத்தினேன்.

போர்வை விலகியது. அண்ணன் எழுந்து கீபோர்டு பக்கத்தில் வந்து நின்றார். "கத்தாத. நான்தான் தொட்டேன். நீ வேலைக்குப் போனப்புறம் சும்மா தட்டிப் பாத்தேன். இந்தப் பட்டனை அமுக்கினதும் அவ்வளவு அருமையா வந்துச்சு. நமக்குள்ள இத்தனை நாள் இது தூங்கிட்டிருந்துச்சான்னு அழுதே போயிட்டேன்டா. உனக்கும் வருதுன்னு தெரிஞ்சப்பதான் லேசா சந்தேகம் வந்துச்சு."

பட்டன் மேல் ஒரு குழந்தை முகம் வரைந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் எந்தக் கட்டையைத் தட்டினாலும் பாட்டுச் சரியாகவே வருவதற்கான பட்டன். அதை அணைத்தேன்.

"பாப்பா, அது மெஷின் பண்ணின வேலை. எனக்கே இப்பத்தான் தெரியும். நான் வாசிக்கிறது இதுதான், கேளு" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன்.

வாசித்தேன். முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தேன். பலகை ஆடியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். நிறுத்தினால் அவள் போனை வைத்துவிடுவாள் என்ற பயத்தில் தப்புத் தப்பாகவே தட்டிக்கொண்டு போனேன்.

திரையில் மின்விசிறி நகர்ந்தது. திரை ஓரத்தில் அவளுடைய ஒரு கண் வந்தது.

"இன்னொரு தடவை. கையைக் கிட்டக்க காட்டுங்க."

வாசித்தேன்.

"ஐயோ, இவ்வளவு கேவலமாவா!" சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மணிக்கட்டைத் தூக்குங்க. அது இல்ல, பக்கத்துக் கட்டை. அதுவும் இல்லப்பா!"

"இதுவா?"

"ஆங். அங்கேயே வச்சிருங்க, எடுத்துராதீங்க." அப்புறம் என் தோளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தாள். "அந்த மாமாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அவர் பட்டன் பக்கத்துலயே நிக்கிறாரு."