எதற்கு முன்னால்?

"ஸ்டேட்டஸ் கோ" என்று நீதிபதி சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீல் தலையாட்டினார். தம்பி தரப்பு வக்கீலம்மாவும் தலையாட்டினார். அவனுக்கு மட்டும் ஜெயித்தோமா தோற்றோமா என்று பிடிபடவில்லை. எலக்ட்ரீஷியன் அவன். எரிகிறதா, எரியவில்லையா என்று பார்த்தே பழகியவன். வராந்தாவில் வக்கீலம்மாவின் பின்னாலேயே ஓடினான்.

"லத்தீன் வார்த்தைப்பா. இப்ப எது எப்படி இருக்கோ, அது அப்படியே இருக்கணும். தீர்ப்பு வர்ற வரைக்கும் நீயும் எதையும் மாத்தக் கூடாது, உங்கண்ணனும் மாத்தக் கூடாது."

அப்பா விட்டுப்போன வீடு. பாகம் பிரிப்பதில் பேச்சு முற்றி, நடுக்கூடத்தில் பலகைத் தடுப்பு எழும்பி, முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தம்பிக்கு என்றாகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் உத்தரவு. 'அப்படியே' என்பதன் அர்த்தம் போகப்போகத்தான் விளங்கியது. தம்பியின் இரும்பு பீரோ அண்ணன் பக்கம் மாட்டிக்கொண்டது. அண்ணியின் தையல் மெஷின் இந்தப் பக்கம் தூசி படிந்து கிடந்தது. "நீ என் கூடப் பொறந்தவனே இல்ல" என்று அண்ணன் கடைசியாகச் சொன்னதும் அப்படியே நின்றது. அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் வக்கீலம்மா தன் ஆபீசில் மின்விசிறி ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார். ஸ்டூலில் ஏறி நின்று திருகாணியைக் கழற்றியபடியே கேட்டான்.

"மேடம், முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்குங்கன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தை கிடையாதா?"

"இருக்கே. அதே வார்த்தைக்குப் பின்னாடி 'ஆன்டே'ன்னு சேர்த்துக்கணும். அப்படின்னா முன்னாடி இருந்த நிலைமை. ஆனா எதுக்கு முன்னாடின்னு நாமதான் சொல்லணும். தடுப்புக்கு முன்னாடியா? கேஸுக்கு முன்னாடியா?"

விசிறியை ஓடவிட்டுக் கிளம்பினான். வண்டியில் வரும்போதும் அதே யோசனை. கேஸுக்கு முன்னாலும் வீட்டில் முகம் கொடுத்துப் பேசியவர் யார்? அவன் அண்ணனைத் திருடன் என்றதற்கு முன்னாலா? அண்ணன் அவனைக் கேட்காமல் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போனதற்கு முன்னாலா? அப்பா இருந்த காலத்துக்கே போய்விடலாமென்றால், அப்போது அவன் மகள் பிறந்திருக்கவில்லை. அவள் இல்லாத வீடு அவனுக்கு வேண்டாம். எங்கே போய் நின்றாலும் ஏதோ ஒன்று இடித்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"தம்பி! சுவிட்ச் போர்டுல புகை வருது தம்பி!"

அவன் பாய்ந்துபோய் தன் பக்கமிருந்த மெயின் சுவிட்சை அணைத்தான். இரண்டு பக்கமும் இருண்டது. பையைத் தூக்கியதும் மனைவி கையைப் பிடித்தாள்.

"ஏங்க, எதையும் தொடக் கூடாதுன்னாங்களே. நாளைக்கு அவங்க வக்கீல் இதையே புடிச்சுக்கிட்டா?"

"நெருப்பு உத்தரவெல்லாம் படிச்சுக்கிட்டா இருக்கும்?"

நனைந்துகொண்டே தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போனான். அண்ணன் கதவைத் திறந்தார். உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். போர்டைக் கழற்றியபோது வயர் கருகி உருகியிருந்தது.

"இதை மாத்தலாமா? கோர்ட்டுல..." என்று இழுத்தார் அண்ணன்.

"கருகிப்போனத அப்படியே விட முடியுமாண்ணே?"

அந்த 'அண்ணே' தானாக வந்து விழுந்ததில் அவனுக்கே கூச்சமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு புது வயரைச் செருகி முடுக்கினான். வேலை முடிந்ததும் தடுப்பைத் தட்டி மனைவியிடம் குரல் கொடுத்தான்.

"மெயினைப் போடு!"

கூடம் பளிச்சென்றானது. அண்ணி பெருமூச்சு விட்டாள். அண்ணன் டார்ச்சை அணைக்க மறந்து நின்றார். அத்தனை வெளிச்சத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மங்கலான வட்டம், தம்பியின் ஈரக்கைகள் மேல் படிந்திருந்தது.