நூற்றுக்குப் பதினாறு

சின்னமனூர் திராட்சை ஜூஸ் கம்பெனிக்குள் மாரீஸ்வரி மறுபடி நுழைந்தபோது, மேனேஜர் விஜய்ராஜ் எழுந்து நின்று "வாங்க மேடம்" என்றார். மூன்று வருடத்துக்கு முன் இதே ஹாலில் "வெளிய போடி" என்று கத்தியவர்.

அப்போது அவள் இங்கே தரச் சோதனையில் இருந்தாள். பாட்டில் நிரப்பும் மெஷின் ஒரு பாட்டிலில் கூட்டியும் இன்னொரு பாட்டிலில் குறைத்தும் ஊற்றுகிறது என்று எச்சரித்தாள். குறைந்த பாட்டில்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்ததும், அவள் தப்பாக அளந்ததாகப் பழி போட்டு விஜய்ராஜ் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அதன் பிறகு கம்பம் வரை எவரும் அவளுக்கு வேலை தரவில்லை.

இப்போது சரக்கு வாங்கும் மதுரை நிறுவனத்தின் சோதனை அதிகாரி அவள். இந்தக் கம்பெனியின் சோதனையைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

லோடிலிருந்து நூறு பாட்டில்களைத் தானே பொறுக்கி, தொழிலாளர்கள் எல்லார் முன்னாலும் அளக்கவைத்தாள்.

"சராசரி இருநூறு மில்லி. இம்மி பிசகல, பாத்தீகளா?" என்றார் விஜய்ராஜ்.

"ஒண்ணு இருநூத்திப் பத்து, ஒண்ணு நூத்தித் தொண்ணூறுன்னாலும் சராசரி இருநூறுதான் சார். வாங்குறவுக கையில சராசரியா இருக்கு? ஒத்த பாட்டில்தான இருக்கு."

போர்டில் கோயில் மணி வடிவத்தில் ஒரு வளைகோடு போட்டாள். "இது இயல்நிலைப் பரவல். நடுவுல இருநூறு, அங்கனதான் கூட்டம். ஓரத்துக்குப் போகப் போக ஆள் குறையும். எம்புட்டுத் தூரம் சிதறுதுன்னு சொல்றது திட்ட விலக்கம். அது மூணு மில்லியா இருந்தா, நூத்துக்கு ரெண்டு மூணு பாட்டில்தான் நூத்தித் தொண்ணூத்தி நாலுக்குக் கீழ இறங்கும். அதுவரைக்கும் நாங்க ஏத்துக்குவோம். உங்க மெஷினுக்கு ஆறு. அப்ப நூத்துக்குப் பதினாறு இறங்கும்."

எண்ணினார்கள். பதினேழு.

விஜய்ராஜின் முகம் வெளுத்தது. "மெஷினச் சரி பண்ணிர்றேன். இன்னொரு சோதனைக்கு வாய்ப்புக் குடுங்க மேடம்."

வாய்ப்புக் கொடுப்பது அவள் கையில்தான் இருந்தது.

"அன்னைக்கு யாரு மேல தப்புன்னு இவுக எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. பாப்போம்."

அவர் தலை குனிந்து சொன்னார்: "மாரீஸ்வரி அளந்தது சரி. மெஷின்லதான் கோளாறு. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் நிதானமாகக் கேட்டாள். பிறகு லோடை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சொன்னேனே மேடம்!"

"கேட்டேனே சார்."

கார் ஏறும்போது நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது.

முதலாளி விஜய்ராஜை நிறுத்திவிட்டு மெஷினை மாற்றினார். அதுவரை கம்பெனி பூட்டிக் கிடந்தது. அடுத்த மாதச் சோதனையில் திட்ட விலக்கம் இரண்டரைதான் வந்தது. மாரீஸ்வரி சம்மதித்துக் கையெழுத்திட்டாள்.

பாட்டில்களை எடுத்துத் தந்தது பூமாரி. முன்பு அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

"நல்லாருக்கியா பூமாரி?"

"ஒரு மாசம் சம்பளம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பாட்டிலை நகர்த்தினாள் பூமாரி.