கடைசி வசவு

கட்டிலில் கிடந்த அப்பாவின் சட்டைக்கு மகள் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அலமாரி மேலிருந்த ரேடியோப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. காலை மணி ஆறு.

“ஏய், மீன் திருடா! எழுந்துட்டியா?”

கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற தம்பி விக்கித்துப் போனான். மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் உயிர் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எதிர்க்கரைக் கிழவர் நேரம் தவறாமல் வந்துவிட்டார்.

எதிர்க்கரை என்றால் எதிரி நாடு. அவள் பிறப்பதற்கு முன்பு, இந்தக் கடலின் மீனுக்காக இரண்டு நாடுகளும் போர்க்கப்பல் விட்டு மல்லுக்கு நின்றன. அப்பா கிழவரின் வலையை அறுத்தார். அவர் அப்பாவின் வலையை அறுத்தார். பிறகு அரசாங்கங்கள் கடலில் கோடு போட்டுக்கொண்டு, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டன. இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சமாதானம் செய்துவைக்க ஆள் வரவில்லை. படகை விற்றுக் கரையேறிய பிறகும், படகிலிருந்து கழற்றி வந்த பேசும் ரேடியோவில் தினமும் ஆறு மணிக்குச் சண்டை. திட்டினால் எதிராளிக்குப் புரிய வேண்டாமா? அதற்காகவே அவர் மொழியை இவரும், இவர் மொழியை அவரும் கற்றுக்கொண்டார்கள். வசவுகளை மட்டும்.

நேற்று மாலை அப்பா அவளை அருகில் கூப்பிட்டார்.

“நாளைக்கு நான் இல்லேன்னா நீ பதில் சொல்லிடும்மா. கடைசிப் பேச்சு அவனோடதா இருக்கக் கூடாது.”

“இறந்துட்டாருன்னு அவங்க பாஷையில எப்படிப்பா சொல்றது?”

“யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது தேவைப்படலையே” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. அப்புறம் புதிதாக ஒரு வசவைச் சொல்லிக்கொடுத்து, பத்துத் தடவை சொல்லவைத்து, உச்சரிப்பையும் திருத்தினார்.

பெட்டி மறுபடியும் கரகரத்தது. “என்னடா, வாயில பூட்டா?”

“வேணாம்க்கா, அணைச்சுடலாம். சாவு வீட்ல யாராவது திட்டுவாங்களா?” என்றான் தம்பி.

“அப்பா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்டா.”

அவள் பெட்டியின் பேசும் பொத்தானை அழுத்தினாள். எதிர்க்கரை மொழியில், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்: “உன் வலையில் ஓட்டை மட்டும்தான் மாட்டும், வழுக்கை நண்டே!”

நண்டு என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. தம்பிகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். இருவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பதில் வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வசவைக்கூட அவர் சும்மா விட்டதில்லை.

“கிழவர் எழுந்து போயிட்டாரா?” என்றான் தம்பி.

அவள் பெட்டியைக் காட்டினாள். அந்தக் கரையில் யாராவது பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் சிவப்பு விளக்கு எரியும். எரிந்துகொண்டிருந்தது.

“ஜெயிச்சுட்டீங்கப்பா” என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். மீதிப் பொத்தான்களைப் போட்டாள். காலரைச் சரிசெய்தாள், தலையை வாரிவிட்டாள்.

விளக்கு அணையவில்லை.