ஒரே அடுப்பு

மழை விட்டுக் காற்று பிடித்துக்கொண்ட ஒரு ஜனவரிக் காலையில், தலெந்தா டீச்சர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, சிவப்புக் கம்பளி நூல்கண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"நூலை விரல்ல சுத்திப் பிடிச்சுக்கிட்டு, கண்டை யாருக்கு வேணும்னாலும் உருட்டி விடலாம். ஆனா அதுக்கு முந்தி அவங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். ஒரு தரம் வாங்கினவங்களுக்கு மறுபடி உருட்டக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. மற்றப் பாட நேரங்களில் சீட்டியடிக்கும் பையன்கள்கூட முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆர்வமாக உட்கார்ந்தார்கள். சாபர் நன்றாகப் பந்து உதைப்பான். மப்ரூக்கா கேட்காமலே பென்சில் கொடுப்பாள். லத்தீபாவின் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு லத்தீபாவை மாதிரியே கண். இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், லத்தீபாவும்தான். சிவப்பு நூல் அங்குமிங்கும் ஓடித் தரையில் ஒரு வலையாக விரிந்தது. தலெந்தாவுக்கு மனசு நிறைந்தது. இந்த மலைக்கிராமத்துக்கு வந்த பிறகு அப்படி நிறைந்ததில்லை.

கடைசியில் கண்டு லஸ்ஹர் கைக்கு வந்தது. நூல் கிடைக்காமல் பாக்கி இருந்தது ஹனியா ஒருத்திதான். லஸ்ஹர் கண்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான்.

"சொல்லுடா லஸ்ஹர்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்."

"யோசிச்சுப் பாரு."

"அவகூடப் பேசக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"ஹனியாவோட அப்பாதான் டீச்சர் லஸ்ஹர் வீட்டுக் கழுதையைப் பிடிச்சு வச்சிருக்காரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

ஹனியா தன் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம் டீச்சர். கம்பளி நூல்னா எனக்குக் கை அரிக்கும்."

எட்டு வயதுப் பெண் தன் மானத்தைத் தானே காப்பாற்றிக்கொண்ட அழகைத் தலெந்தா பார்த்தாள். தானாவது ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது இவ்வளவுதான்: "ஹனியாவோட கையெழுத்து ரொம்பச் சுத்தமா இருக்கும்." அந்த நேரத்துக்கு அது பொய் மாதிரியே ஒலித்தது. வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி அவளுக்கும் வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஹனியாவின் அப்பா தய்யிப் வனக்காவலர். பச்சை மரம் வெட்டினால் வழக்குப் போடுவார். இந்தக் குளிர்காலத்தில் லஸ்ஹரின் அப்பாவை விறகுச்சுமையோடு மடக்கி, கழுதையைக் காவல் கொட்டகையில் கட்டிவிட்டார். அவருக்குக் காப்பிக்கடையில் யாரும் சலாம் சொல்வதில்லை. ஹனியாவின் அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், பெருநாளுக்குத்தான் வருவாள். ஊரே அப்பாவிடம் பேசாதபோது மகளிடம் மட்டும் யார் பேசுவார்கள்?

தலெந்தாவிடமும் யாரும் அதிகம் பேசியதில்லை. மற்ற ஆசிரியர்கள் மக்தர் நகரத்திலிருந்து ஒரே காரில் நெருக்கிக்கொண்டு வந்து, பள்ளி விட்டதும் அதே காரில் போய்விடுவார்கள். அவள் மட்டும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் தங்கினாள். சொந்த ஊரான மஹ்தியாவில் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள். அம்மா போனபின் அந்த வீட்டில் இருக்க முடியாமல் தானாகவே மாற்றல் கேட்டு வாங்கி வந்தாள். வந்த இடத்திலும் அதே வெறுமைதான். கூடுதலாகக் காற்று.

மறுநாள் இடைவேளையில் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஹனியா ஐந்தாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். வலது கை ஒருமுறை, இடது கை ஒருமுறை. நடுநடுவே இடது கையை அதட்டினாள். தலெந்தா டீ கிளாஸோடு இறங்கிப் போனாள்.

"யார் ஜெயிக்கிறது?"

ஹனியா நிமிர்ந்து பார்த்தாள். "இடது கை. ஆனா அது அழுகுணி ஆட்டம் ஆடுது டீச்சர்."

"நான் ஒரு கை ஆடட்டுமா?"

"ஆடத் தெரியுமா உங்களுக்கு?"

தெரிந்திருந்தது, ஆனால் கை மறந்திருந்தது. கற்கள் விரலிடுக்கில் நழுவின. ஹனியா பெரிய மனுஷி மாதிரி பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "சாயங்காலம் ஏன் டீச்சர் ரேடியோவை அவ்வளவு சத்தமா வைக்கிறீங்க? எங்க வீடு வரைக்கும் கேக்குது."

"சும்மாதான். சத்தம் இருக்கட்டுமேன்னு."

"எங்கப்பாவும் அப்படித்தான். டிவியைப் போட்டுட்டு அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

அதன்பிறகு தினமும் ஆடினார்கள். இடைவேளை மணிக்காகத் தலெந்தாவும் பிள்ளைகளைப் போலக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஆனால் ஒரு நாள் படிக்கட்டில் ஏறும்போது சாபர் சொல்வது காதில் விழுந்தது: "வந்துட்டாடா, டீச்சரோட பூனை!" ஹனியா அதைக் கேட்காத மாதிரி தாண்டிப் போனாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையைச் சுற்றியுள்ள இடம் இன்னும் காலியாகத்தான் ஆகும் என்று தலெந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹனியாவுக்கு வேண்டியது டீச்சர் இல்லை.

அந்த வாரமே பிள்ளைகளிடம் சொன்னாள்: "சனிக்கிழமை வகுப்பிலேயே லப்லாபி சூப் காய்ச்சலாம். ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை, இல்லன்னா பூண்டு, சீரகம், காய்ஞ்ச ரொட்டி, எது முடியுமோ அது. எல்லாம் ஒரே பானையில. எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும்."

வெள்ளிக்கிழமை மாலை லஸ்ஹரின் அம்மா மொஞ்சியா வந்து அறை வாசலில் நின்றாள். கம்பளிச் சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

"சலாம் டீச்சர். என் புள்ளைய அந்தக் காட்டுக்காரன் பொண்ணோட ஒரே கிண்ணத்துல தின்னச் சொன்னீங்களாமே?"

"ஒரே கிண்ணம் இல்லம்மா. ஒரே அடுப்பு, அவ்வளவுதான்."

"அடுப்பா! யா அல்லாஹ்! எங்க வீட்டு அடுப்பு எப்படி எரியுதுன்னு வந்து பாத்தீங்களா? கழுதை இல்லாம நான் முதுகுல சுமந்து எடுத்துட்டு வர்றேன். என் முதுகைக் கேளுங்க, சொல்லும்."

"அதுல அந்தப் புள்ள என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதுவும் எனக்குத் தெரியும்." மொஞ்சியாவின் குரல் இறங்கியது. அறைக்குள் எட்டிப் பார்த்தாள்: ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒற்றைக் கிளாஸ். "நீங்க இலையுதிர்ற காலத்துல வந்தீங்க. இன்னிக்கு வரைக்கும் இந்த ஊர்ல ஒரு கதவைத் தட்டியிருக்கீங்களா? என் மாமனார் மௌத்தானப்ப ஊரே வந்துச்சு. அந்தத் தய்யிப்கூட வந்து வெளியில நின்னுட்டுப் போனான். நீங்க வரல. புள்ளைங்களுக்கு மட்டும் சேர்ந்திருக்கப் பாடம் நடத்துறீங்க."

"டீ போடறேன், உக்காருங்க" என்றாள் தலெந்தா.

"இன்னொரு நாள் பாக்கலாம்" என்று மொஞ்சியா போய்விட்டாள்.

சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஜலதோஷம், ஆடு ஈன்றது, மாமா வந்தார் என்று ஆளுக்கொரு காரணம். வந்தவர்களுக்கும் உண்மைக் காரணம் தெரிந்தே இருந்தது; காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டு மெல்லப் பேசினார்கள். தலெந்தா முந்தின இரவே ஊறவைத்த கடலையைப் பானையில் கொட்டி, பிள்ளைகள் கொண்டுவந்ததையும் சேர்த்து வகுப்பறைக் கணப்பின் மேல் ஏற்றினாள். கதவு திறந்தது. லஸ்ஹர் மூச்சு வாங்க உள்ளே வந்து, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி கடலையை எடுத்துப் பானைக்குள் போட்டான். கூடவே ஒரு பொத்தானும் ஒரு கோலிக்குண்டும் விழுந்தன. அவற்றைக் கரண்டியால் தேடி எடுப்பதற்குள் வகுப்பு கொஞ்சம் உயிர்பெற்றது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தியாடா?"

"கடைக்குப் போறேன்னு சொன்னேன் டீச்சர்."

கடலை வேகப் பகல் பாதி ஆயிற்று. லஸ்ஹர் ஊறவைக்காமல் போட்டது மட்டும் கல்லு மாதிரி இருந்தது. ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணங்களில் போட்டு, மேலே சூடாக ஊற்றினாள். எல்லோரும் ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். ருசி சப்பென்றிருந்தது. மிளகாய் விழுது யாரும் கொண்டுவந்த மாதிரி தெரியவில்லை.

கொண்டுவந்திருந்தது ஹனியா. ஜன்னலோரமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தவள் ஒரு சிறு ஜாடியை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். "ஹரிஸா. எங்கப்பா இடிச்சது."

யாரும் கை நீட்டவில்லை. கரண்டிகள் கிண்ணத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தலெந்தா எழப் போனவள், தன்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தானே முதலில் எடுத்தால் ஹனியா மறுபடி டீச்சரின் பூனையாகிவிடுவாள். உட்கார்ந்திருப்பது எழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மப்ரூக்கா மிகச் சின்னவள், பசியும் அதிகம். ஜாடியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். கடைசியில் கேட்டாள்: "ஏண்டி, இதை எடுத்தா உங்கப்பா வழக்குப் போடுவாரா?"

எல்லோரும் ஹனியாவைப் பார்த்தார்கள்.

ஹனியா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு கரண்டிக்குப் போட மாட்டாரு. ரெண்டுன்னா உன் கழுதையைப் பிடிச்சு வச்சுக்குவாரு."

"எங்ககிட்டக் கழுதையே இல்லியே!"

"அப்ப உன் அண்ணனைப் பிடிப்பாரு."

முதலில் சிரித்தது சாபர். அவனுக்குத்தான் அந்த அண்ணனை நன்றாகத் தெரியும். பிறகு எல்லோரும். மப்ரூக்கா அந்தச் சிரிப்போடு இரண்டு கரண்டி எடுத்துப்போட்டு, கண்ணில் தண்ணீர் வர இருமினாள். ஜாடி கை மாறிப் போனது. லஸ்ஹரிடம் வந்தபோது அவன் அதைப் பிடித்துக்கொண்டு, ஹனியாவைப் பார்க்காமலே கேட்டான்.

"எங்க கழுதை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நான்தான் தண்ணி வைக்கிறேன். காதைச் சொறிஞ்சா கண்ணை மூடிக்கும்."

"இடது காது."

"ஆமா, இடது. வலதைத் தொட்டா உதைக்கும்."

"உன்னை உதைச்சுதா?" இப்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஹனியா காலுறையை இறக்கிக் காயத்தைக் காட்டினாள். லஸ்ஹர் தன் முழங்காலைக் காட்டினான். எது பெரிது என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவர்களின் பகை அந்தப் பானையில் கரைந்துவிடவில்லை. வழக்கு தன் போக்கில் நடந்தது, கழுதை வெகு தாமதமாகத்தான் வீடு திரும்பியது. காப்பிக்கடையில் தய்யிபுக்கு அதன் பிறகும் யாரும் சலாம் சொல்லவில்லை. கடைக்குப் போகிறேன் என்று போனவன் பூண்டு வாசத்தோடு திரும்பியதற்கு லஸ்ஹர் முதுகில் ஒன்று வாங்கினான். ஆனால் திங்கட்கிழமை இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஐந்தாங்கல் ஆட ஆளுக்கு ஆள் முண்டினார்கள். ஹனியாவின் ஆட்டத்தில் வலது கை, இடது கை என்று பிரிக்க வேண்டிய தேவை போய்விட்டது. அழுகுணி என்று திட்டுவதற்கு நிஜமான எதிராளிகள் கிடைத்துவிட்டார்கள்.

தலெந்தா டீ கிளாஸோடு இறங்கிப் போனாள். ஹனியா தலையை உயர்த்தி, "டீச்சர், இப்ப இடமில்ல. அடுத்த ஆட்டத்துல வாங்க" என்றாள். அடுத்த ஆட்டத்திலும் இடமில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்று டீயைக் குடித்து முடித்தாள். ஆசைப்பட்டது இதற்குத்தான். நடந்தும் விட்டது. அதற்கான மகிழ்ச்சி உள்ளே எங்கோ இருந்தது. அதன் மேல் ஒரு குளிர் ஏறி உட்கார்ந்திருந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் அவளைக் கடந்து ஓடினார்கள். ஹனியாவும் ஓடினாள், மப்ரூக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு.

அன்று மற்ற ஆசிரியர்களின் கார் வளைவில் மறைந்தபின் தலெந்தா அறைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு, மழையில் அரித்துப்போன சரிவுப் பாதையில் கிராமத்தை நோக்கி இறங்கினாள். நாய்கள் குரைத்தன. ஒரு ஜன்னலில் யாரோ திரையை விலக்கிப் பார்த்தார்கள். மொஞ்சியாவின் வீடு எது என்று ஒரு பையனிடம் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது; இத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வியா அது? கேட்டாள்.

நீலக் கதவு. முற்றத்தில் விறகு கொஞ்சமாக அடுக்கியிருந்தது. தட்டினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள்: மாமனாருக்காக அனுதாபம், லஸ்ஹரை அடிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை. கதவு திறந்தது.

மொஞ்சியா மாவு ஒட்டிய கையோடு நின்றாள். டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சேறு படிந்த ஷூவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து லஸ்ஹர் எட்டிப் பார்த்து, சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான்.

"அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்... உங்க மாமனாருக்கு" என்றாள் தலெந்தா. "நான் அப்பவே வந்திருக்கணும்."

"ஆமா, வந்திருக்கணும்" என்றாள் மொஞ்சியா. நகரவில்லை, கதவையும் மூடவில்லை. மலையிலிருந்து காற்று இறங்கி வந்து இருவர் சால்வையையும் உதறியது. உள்ளே அடுப்பு ஒருமுறை புகைந்து, மறுபடி பற்றிக்கொண்டது.

"அடுப்பு அணைஞ்சிரும் டீச்சர்" என்றாள் மொஞ்சியா. "வர்றதுன்னா உள்ள வந்து கதவைச் சாத்துங்க."